கேமரா யார் பக்கம் நிற்கிறது? வெஸ்டர்ன் படங்களும் ஜவ்வாது மலை மக்களும்

அமெரிக்காவின் மேற்கு நிலம் தமிழ் வாசகர்களுக்கு அந்நியமானதன்று. சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இதழ்கள் கௌபாய்களையும் ஷெரீஃப்களையும் சிற்றூர்ப் பெட்டிக்கடைகள் வரை கொண்டுசேர்த்தன. 1948இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் என்னும் சித்திரக்கதை நாயகனுக்கு இன்றும் தமிழில் பெரும் வாசகர் வட்டம் உண்டு. அவர் வெள்ளையர், துப்பாக்கி வீரர், அத்துடன் நவஹோ பூர்வகுடிகளின் தலைவரும்கூட. 'இரவுக்கழுகு' என்பது அம்மக்கள் அவருக்கு வழங்கிய பெயர். பூர்வகுடிகள் மீது பரிவு காட்டும் கதைகள்தாம் அவை. ஆனால் அந்தப் பரிவுக்குள்ளும் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது: நவஹோ மக்களின் கதையைச் சொல்ல வேண்டுமானால், அவர்களுக்கு ஒரு வெள்ளைத் தலைவன் வேண்டும்.

இந்த விதி எங்கிருந்து வந்தது, நம் திரைப்படங்களுக்குள் எவ்வாறு குடியேறியது, திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலையின் மக்களுக்கு அது என்ன செய்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம். திரைப்படத்தில் பிரதிநிதித்துவம் என்றதும் நாம் பெரும்பாலும் தலைகளை எண்ணத் தொடங்குகிறோம். எத்தனை தலித் கதாபாத்திரங்கள், எத்தனை பழங்குடிக் கதாபாத்திரங்கள் என்று கணக்கிடுகிறோம். எண்ணிக்கை முக்கியமானதே. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கேமரா யார் பக்கம் நிற்கிறது? யாருடைய மரணம் இழப்பாகக் காட்டப்படுகிறது, யாருடைய மரணம் வெறும் எண்ணிக்கையாகக் கடந்துபோகிறது?

வண்டிக்குள்ளிருந்து பார்த்த நிலம்

ஜான் ஃபோர்டு இயக்கிய 'ஸ்டேஜ்கோச்' (1939) வெஸ்டர்ன் படங்களின் இலக்கணமாகப் போற்றப்படுவது. குதிரை வண்டி ஒன்றில் சிலர் பயணம் செய்கிறார்கள். ஊராரால் விரட்டப்பட்ட பெண், குடிகார மருத்துவர், பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடும் வங்கியாளர், சிறையிலிருந்து தப்பிய இளைஞன் என ஒவ்வொருவருக்கும் பெயரும் கடந்தகாலமும் உண்டு. 'நல்ல குடும்பத்தினர்' இழிவாகப் பார்க்கும் மனிதர்களிடமே உண்மையான பண்பு இருக்கிறது என்பதைப் படம் அழகாக நிறுவுகிறது. ஆனால் அந்த மனிதநேயம் வண்டியின் சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. வண்டியைத் தாக்கும் அப்பாச்சே மக்களுக்குக் கதை இல்லை. ஜெரோனிமோ என்ற வரலாற்றுப் பெயர்கூட அச்சுறுத்தலாக மட்டுமே ஒலிக்கிறது. அவர்கள் ஏன் போரிடுகிறார்கள் என்று படம் ஒருமுறைகூடக் கேட்பதில்லை. கேமரா வண்டியோடு ஓடுவதால், பார்வையாளரும் வண்டிக்குள் அமர்ந்துவிடுகிறார். வெளியே விழும் ஒவ்வோர் உடலும் அவருக்கு நிம்மதி தருகிறது.

அப்படத்தின் புகழ்பெற்ற காட்சியில், பாய்ந்தோடும் குதிரைகளுக்கிடையே விழுந்து இழுபடும் அப்பாச்சே வீரனாக நடித்தவர் யக்கிமா கனுட் என்னும் வெள்ளைச் சண்டைக் கலைஞர். படத்தின் அடையாளமாகிவிட்ட மானுமென்ட் பள்ளத்தாக்கு நவஹோ மக்களின் நிலம். அங்கே வாழ்ந்த நவஹோக்களே ஒரு படத்தில் அப்பாச்சேக்களாகவும், மற்றொரு படமான 'தி சர்ச்சர்ஸ்' (1956) இல் கொமாஞ்சேக்களாகவும் குதிரையேறினர். அந்தக் கொமாஞ்சேக்களின் தலைவனாக நடித்தவரோ ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். நிலமும் உடல்களும் பூர்வகுடிகளுடையவை. பெயரும் மொழியும் முகமும் பிறருடையவை. பூர்வகுடிகளை மதிப்புடன் சித்தரித்ததாகப் பாராட்டப்பட்ட 'புரோக்கன் ஆரோ' (1950) படத்தில்கூட, அப்பாச்சே தலைவர் கொச்சீஸாக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர் ஜெஃப் சாண்ட்லர் என்னும் வெள்ளை நடிகரே.

மறைக்கப்பட்டவர்கள் பூர்வகுடிகள் மட்டும் அல்லர். மேற்கு நிலத்தில் மாடு மேய்த்த கௌபாய்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. ரயில் பாதை அமைக்க மலைகளைக் குடைந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனத் தொழிலாளர்கள். செவ்வியல் வெஸ்டர்ன் படங்களில் இவர்கள் சமையற்காரராகவோ சலவைக்காரராகவோ ஓரத்தில் வந்துபோகிறார்கள், அல்லது வருவதே இல்லை. கடத்தப்பட்ட பெண்ணைத் தேடி ஜான் வெய்ன் அலையும் 'தி சர்ச்சர்ஸ்' கதைக்குத் தூண்டுதலாக அமைந்தவர்களில், தன் குடும்பத்தினரை மீட்கச் சென்ற பிரிட் ஜான்சன் என்னும் கறுப்பினத்தவரையும் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். வரலாற்றில் கறுப்பு மனிதராக இருந்தவர் திரைக்கு வரும்போது வெள்ளை நாயகனாகிவிடுகிறார்.

இது கலைஞர்களின் கவனக்குறைவால் மட்டும் நிகழ்ந்ததன்று. ஒரு நிலத்தைக் கைப்பற்ற வேண்டுமானால் முதலில் அது ஆளற்ற நிலம் என்று அறிவிக்க வேண்டும். அங்கே ஆட்கள் இருந்தால் அவர்களை ஆபத்து என்று அறிவிக்க வேண்டும். சட்டமும் துப்பாக்கியும் செய்து முடித்த இந்த வேலையை வெஸ்டர்ன் படம் பின்னர் காவியமாக்கிற்று. சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டத்தின்கீழ் தலைமுறைகளின் வாழிடங்கள் காப்புக்காடுகளாக மாறியபோதும், காட்டில் வாழ்ந்தவர் ஒரே நாளில் அத்துமீறி நுழைந்தவர் ஆனார். அங்கும் இங்கும் தருக்கம் ஒன்றே.

தாக்கூரின் ஊரும் இரும்புக்கோட்டையும்

இந்திய சினிமா வெஸ்டர்னின் குதிரையையும் துப்பாக்கியையும் மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. கேமரா நிற்கும் இடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. 1975இல் வெளியான 'ஷோலே' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ராம்கட் என்னும் அவ்வூரில் சாதி பேசப்படுவதில்லை. ஆனால் நீதியின் உருவமாக நிற்கும் நிலவுடைமையாளரின் அழைப்புப் பெயரே 'தாக்கூர்'. ஊரைக் காப்பது என்றால் தாக்கூரின் ஊரைக் காப்பது என்றாகிறது. அந்த ஊரில் நிலமற்றவர் யார், அவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு அப்படத்தில் இடமே இல்லை.

தமிழில் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான எம். கர்ணன், ஜெய்சங்கரை நாயகனாகக் கொண்டு 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகிய படங்களைத் தந்தார். அப்படங்களை நினைவுகூர்ந்து நகைச்சுவையாக எடுக்கப்பட்ட சிம்புதேவனின 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' (2010) அமெரிக்க வல்லாதிக்கத்தைக் கேலி செய்தது. ஆனால் அமெரிக்கப் பூர்வகுடிகளின் சாயலில் ஒரு கூட்டத்தை அமைத்து, அவர்களின் மொழியைச் சிரிப்புக்குரிய ஒலிகளாக்கியபோது, ஹாலிவுட்டின் பழைய ஏளனத்தையே அது திரும்பச் செய்தது.

இறகு, முகத்தில் வண்ணப்பூச்சு, புரியாத மொழி, தலைவனைச் சுற்றி ஆடும் கூட்டம் ஆகியவற்றால் ஆன 'காட்டுவாசி' என்னும் அச்சு தமிழ்த் திரையில் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது. தமிழ்நாட்டில் வாழும் எந்தப் பழங்குடியையும் பார்த்து வரையப்பட்ட உருவம் அன்று அது. வேறு படங்களைப் பார்த்து வரையப்பட்ட உருவம்.

அச்சுக்குள் அடங்காத மக்கள்

ஜவ்வாது மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். பெயர் கேரளத்தை நினைவூட்டினாலும், மலையை ஆளும் மக்கள் என்ற பொருளிலேயே அது வழங்குகிறது. அவர்கள் பேசுவது தமிழ். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பட்டியல் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அவர்களுள் சுமார் 3.58 லட்சம் பேர் மலையாளிகள். மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் இதுவே. ஜவ்வாது மலையுடன் ஏலகிரி, கல்வராயன், சித்தேரி, சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளிலும் இவர்கள் வாழ்கிறார்கள். சாமை விதைத்து, புளியும் கடுக்காயும் தேனும் சேகரித்து, வேலையற்ற மாதங்களில் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் திருப்பூருக்கும் கூலிக்குச் செல்லும் இம்மக்களிடம் 'காட்டுவாசி' அச்சுக்குத் தேவையான இறகும் இல்லை, புரியாத மொழியும் இல்லை. ஆகவே திரைக்கு அவர்கள் தென்படுவதே இல்லை.

தென்படும்போதும் மூன்று படங்களாகவே தென்படுகிறார்கள். முதலாவது, சுற்றுலாப் படம். ஜமுனாமரத்தூரில் அரசு நடத்தும் கோடை விழா, பீமன் அருவி, காவலூர் வானோக்கு நிலையம் ஆகியவற்றுக்குப் பின்னணியாக மலை நிற்கிறது. மானுமென்ட் பள்ளத்தாக்கைப் போலவே இங்கும் நிலம் தெரிகிறது, நிலத்துக்குரியவர் தெரிவதில்லை. இரண்டாவது, இரக்கப் படம். 2023 மே மாதம் அணைக்கட்டு பகுதியின் அல்லேரி மலையில், பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைச் சாலை இல்லாததால் தாய் சுமந்து நடந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. அந்தத் துயரம் உண்மை. ஆனால் சாலை கேட்டுக் கிராமத்தினர் கொடுத்த மனுக்கள் அத்தகைய படங்களில் இடம்பெறுவதில்லை. மூன்றாவது, குற்றப் படம். மற்ற இரண்டையும்விட அதிக உயிர்களை விலையாகக் கேட்டது இதுதான்.

செம்மரக் காட்டில் இரு கதைகள்

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றனர். இறந்தவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலையையும் சித்தேரி மலையையும் சேர்ந்த மலையாளிப் பழங்குடியினர் அவர்களுள் பலர். அடிவாரச் சிற்றூர்களைச் சேர்ந்த ஏழைத் தொழிலாளர்களும் இருந்தனர். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. உடன் சென்றவர்கள் பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டதாக உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர். இறந்தோரின் குடும்பங்களுக்கு இடைக்கால இழப்பீடு வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது.

அந்தக் காடுகளில் கடமையிலிருந்த வனத்துறை ஊழியர்களும் 2013இல் கொல்லப்பட்டிருக்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தொலைக்காட்சிகளின் முதல் நாள் தலைப்புகளை நினைத்துப் பாருங்கள்: 'கடத்தல்காரர்கள் சுட்டுக்கொலை'. தரகர் கொடுத்த முன்பணத்துக்காகக் கோடரி எடுத்தவர்களும், கடல் கடந்து மரத்தை விற்று மாளிகை கட்டியவர்களும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். கேமரா அன்றும் வண்டிக்குள்ளேயே இருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், அதே செம்மரக் காட்டைக் களமாகக் கொண்டு 'புஷ்பா' வெளிவந்தது. தந்தையின் குடும்பப் பெயர் மறுக்கப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி, கடத்தல் கூட்டத்தின் தலைவனாக உயரும் கதை. பிறப்பின் பெயரால் ஒருவன் அவமதிக்கப்படும் வலியை அப்படம் தொட்டது. அதன் வெற்றிக்கு அதுவும் காரணம். எனினும் அங்கே கதை என்பது எழுபவன் ஒருவனின் கதை. எழ முடியாத மரம் வெட்டுவோர், வெஸ்டர்ன் படத்தின் குதிரைப்படையைப் போலத் திரையை நிரப்பும் கூட்டமாகிறார்கள். காட்டுக் காட்சிகளுள் பல சேஷாசலத்தில் எடுக்கப்படவில்லை; ஆந்திரத்தின் மாரேடுமில்லி காடுகளில் எடுக்கப்பட்டன. அதுவும் பழங்குடியினர் வாழும் நிலமே. ஒரு பழங்குடியின் நிலம் மற்றொரு நிலமாக வேடமிடுவதும், இன்னொரு பழங்குடியின் மரணம் சாகசத்துக்கு உரமாவதும் ஜான் ஃபோர்டின் காலத்தோடு முடிந்துவிடவில்லை.

2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடிகருக்கான விருது 'புஷ்பா' நாயகனுக்குக் கிடைத்தது. அதே ஆண்டுக்கான போட்டியில் இருந்த 'ஜெய் பீம்' ஒரு விருதும் பெறவில்லை. எந்தக் கதையை நாடு தன் கதையாக ஏற்றுக்கொள்கிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் தேவையில்லை.

பரிவு மட்டும் போதுமா?

எதிர்ப்புக் குரல்கள் எல்லாக் காலத்திலும் இருந்தன. 1973இல் மார்லன் பிராண்டோ, பூர்வகுடிகளைத் திரைத்துறை நடத்தும் விதத்தைக் கண்டித்து ஆஸ்கர் விருதை மறுத்தார். 1990இல் வந்த 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' லகோட்டா மக்களை அவர்கள் மொழியிலேயே பேசவைத்தது. ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்ற அப்படத்தின் நாயகன் அப்போதும் வெள்ளை ராணுவ அதிகாரிதான். 1920களில் ஓசேஜ் மக்கள் எண்ணெய் வளத்துக்காகக் கொல்லப்பட்டதைச் சொல்லும் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' 2023இல் வெளியானபோது, அதில் பணியாற்றிய ஓசேஜ் மொழி ஆலோசகர் ஒருவர் நேர்மையான கருத்தொன்றைச் சொன்னார்: கொலைகளுக்குத் துணைபோன வெள்ளைக் கணவனின் பார்வையில் கதை நகர்கிறது, ஓசேஜ் பெண்ணின் பார்வையில் எடுக்க ஓசேஜ் ஒருவரே இயக்க வேண்டியிருக்கும் என்பது அதன் சாரம்.

இந்த அளவுகோலை நம் நல்ல படங்களின் மீதும் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஜெய் பீம்' (2021) காவல் வன்முறையை மறக்கவியலாதபடி காட்டிற்று. எனினும் கதையை நகர்த்தும் விசை வழக்கறிஞரிடம் இருக்கிறது. 'விடுதலை' (2023) முதல் பாகத்தில் மலைமக்கள் மீதான வதைகள் வாச்சாத்தியை நினைவூட்டுகின்றன. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்தின் அவ்வூரில் மலையாளிப் பெண்கள் 18 பேர் அரசு ஊழியர்களால் வன்கொடுமைக்கு உள்ளாயினர். 2011இல் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மூன்று பத்தாண்டுகள் வழக்கை நடத்தியவர்கள் அம்மக்கள். திரையிலோ, முகாமிலுள்ள ஒரு காவலரின் மனசாட்சி வழியாகத்தான் நாம் மலைக்குள் நுழைகிறோம். கிளின்ட் ஈஸ்ட்வுட்டுக்கு வணக்கம் சொல்லும் 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்' (2023) கறுப்பு நிற நாயகன் ஏன் இல்லை என்று வெளிப்படையாகவே கேட்டது; கேமராவை ஆயுதம் என்றது. ஆனால் அந்த ஆயுதம் பேசுவதற்குப் பழங்குடியினர் மொத்தமாக மடிய வேண்டியிருக்கிறது. வாழும் பழங்குடியினர் கதைக்குப் போதாதவர்களா?

நம் கேமராவும் விதிவிலக்கல்ல

1972இல் சிட்னி பாய்டியே இயக்கிய 'பக் அண்ட் தி பிரீச்சர்' வெஸ்டர்னைத் தலைகீழாக்கியது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நிலம் தேடி மேற்கே செல்கிறார்கள். அவர்களை வேட்டையாடுபவர்கள் வெள்ளையர்கள். அதே ஆண்டில்தான், கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து உந்துதல் பெற்று மும்பையில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தோன்றிற்று. ஆனால் அப்படத்திலும் பூர்வகுடிப் பெண்ணாக நடித்தவர் ஜூலி ராபின்சன் என்னும் வெள்ளை நடிகை. ஒடுக்கப்பட்டோரின் கேமராவுக்கும் கண்படாத இடம் இருக்கக்கூடும்.

பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) நமக்கு அந்த வகையில் மிக முக்கியமான படம். தங்கம் தேடிச் செல்லும் கதை வெஸ்டர்னின் பழைய கரு. அதை, ஜவ்வாது மலையும் அடங்கியிருந்த பழைய வட ஆர்க்காட்டிலிருந்து கோலாருக்குச் சென்ற தலித் உழைப்பாளர்களின் பார்வையில் அவர் திருப்பி எழுதினார். துரை அங்கே நாயகன் அல்லன். மண்ணை வெட்டியவரே வரலாற்றின் மையம். அதே வேளையில், அந்தப் பொன்னைக் காக்கும் ஆரத்தியாக, அந்நிலத்தின் மக்களுள் ஒருவர் நடிக்கவில்லை. மாளவிகா மோகனன் ஒப்பனையுடன் நடித்தார். படத்தின் பெருமையைக் குறைப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தலித்துகளும் பழங்குடியினரும் ஒரே போராட்டத்தில் நிற்கிறோம் என்று நாம் சொல்வது உண்மையானால், இக்கேள்வியை நம் படங்களிடமே முதலில் கேட்க வேண்டும்.

மாற்று வழி இல்லாமல் இல்லை. 1998இல் வெளிவந்த 'ஸ்மோக் சிக்னல்ஸ்' படத்தை எழுதியவரும் இயக்கியவரும் பூர்வகுடிகள். அங்கே பூர்வகுடி இளைஞர்கள் பழைய வெஸ்டர்ன் படங்களைப் பற்றிக் கிண்டலடிக்கிறார்கள். ஜார்க்கண்டில் ஒராவோன் சமூகத்தைச் சேர்ந்த பிஜு தோப்போ நிலப்பறிப்பையும் இடப்பெயர்வையும் பல ஆண்டுகளாக ஆவணப்படமாக்கி வருகிறார். அட்டப்பாடி இருளர் சமூகத்தின் நஞ்சியம்மா தம் மொழியில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றார்.

ஜவ்வாது மலையிலும் தொடக்கங்கள் உண்டு. 2024இல் புலியூரைச் சேர்ந்த ஓர் இளம்பெண் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்று, அப்பதவிக்குத் தேர்வான முதல் பழங்குடிப் பெண்ணாகப் பேசப்பட்டார். பிறர் எழுதிய முதல் தகவல் அறிக்கைகளில் மட்டும் இடம்பெற்றுவந்த ஒரு சமூகத்தின் மகள் இனித் தீர்ப்பு எழுதுவார். திரைக்கதை எழுதுவது மட்டும் ஏன் எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்?

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் பழங்குடி மாணவர்களுக்குரிய இடங்கள் உண்மையில் நிரம்புகின்றனவா என்று மாணவர் அமைப்புகள் ஆண்டுதோறும் கேட்க வேண்டும். ஜமுனாமரத்தூரிலும் புதூர்நாட்டிலும் உள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குப் படம் எடுக்கும் பயிற்சி செல்ல வேண்டும். மலையில் படமெடுக்க வருவோர் கிராமசபையின் ஒப்புதலையும் உரிய கூலியையும் உறுதிசெய்ய வேண்டும். நீதிமன்ற இடைக்காலத் தடையால் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த 2006 வன உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். இது சினிமாவுக்குத் தொடர்பற்ற கோரிக்கையன்று. நிலத்தின் மீது உரிமை மறுக்கப்பட்டவர்களே கோடரியுடன் அடுத்த மாநிலக் காட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள். அங்கே அவர்கள் 'கடத்தல்காரர்' என்ற ஒற்றைச் சொல்லாகத் திரும்பி வருகிறார்கள்.

அடுத்த முறை ஒரு காட்டுப் படத்தைப் பார்க்கும்போது, திரையில் எத்தனை பழங்குடியினர் இருக்கிறார்கள் என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சுடுபவரின் தோளுக்குப் பின்னால் நாம் நிற்கிறோமா, சுடப்படுபவரின் வீட்டு வாசலில் நிற்கிறோமா என்று பார்ப்போம். 2015 ஏப்ரலில் ஜவ்வாது மலையின் வாசல்களில் காத்திருந்தவர்களுக்கு நடந்தது என்னவென்று தெரியும். அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று தீர்மானிக்கும் முதல் உரிமையும் அவர்களுடையதே.